பின்பக்க வேலி

பாகூர், 1934 ஆடி 9, புதன்.

வீட்டைச் சுற்றி வேலி கட்டவும், வருஷம் முழுக்கப் பழுது பார்க்கவும் கன்னியப்பனிடம் பேசி ஒப்படைத்திருந்தேன். ஞாயிறன்று வாசல் பக்கத்தை முடித்துக் காட்டினான். கிளையாக வெட்டி நட்ட கிளுவைப் போத்துகள் எல்லாம் ஒரே உயரம், மணிக்கட்டுப் பருமன். மழை பெய்தால் துளிர்த்துவிடும். நானும் மடையன், தெருவில் நாலு பேர் முன்னால் அவனை மெச்சினேன்.

இன்று விடிந்து பார்த்தால் கொல்லையில் நான்கு மாடுகள். சம்பா நாற்றங்கால் முழுக்க மேய்ந்து, மிதித்துச் சேறாக்கிவிட்டன. விரட்டிக்கொண்டு ஓடினால், வைக்கோல் போருக்குப் பின்னால் வேலியே இல்லை. அப்பா நட்ட கிளுவைகள் மொட்டை மொட்டையாக நிற்கின்றன. அவற்றை வெட்டித்தான் அந்தப் படுபாவி வாசலில் நட்டிருக்கிறான்!

ஆள் விட்டுக் கூப்பிட்டேன். வந்தவன் முகத்தில் துளி கூச்சமில்லை.

"உங்க மண்ணுல வளந்த போத்து உங்க மண்ணுலதான் சட்டுனு புடிக்கும்ங்க. வெளியிலேர்ந்து கொண்டாந்தா பட்டுப்போவும்."

"அப்ப கொல்லைக்கு இன்னாடா வேலி?"

"வருசம் முழுக்கப் பழுது பாக்கணும்னு பேசினோமே, ஐயா. இது பழுதாயிடுச்சி. நாளைக்கே அடைச்சித் தரேன்."

எதை வெட்டி அடைப்பாய் என்று கத்தினேன்.

தலையைச் சொறிந்துகொண்டே வாசல் வேலியைத் திரும்பிப் பார்த்தான்.