மாத்திரை போடாத நான்கு நாள்

பிப். 19, வியாழன்

வாடைக் காற்று. ஜன்னல் கதவு அடித்துக்கொண்டே இருக்கிறது. எழுந்து சாத்த முடியவில்லை. இராமநாதபுரம் ஆஸ்பத்திரியிலிருந்து நேற்று மாலை வீட்டுக்கு வந்தாயிற்று. பாம்பன் வரை எத்தனை வேகத்தடை என்று கர்ப்பப்பை எடுத்தவளைக் கேட்டால் சரியாகச் சொல்வாள்.

ஆபரேஷன் ஆகி ஐந்து நாள். தையல் இன்னும் பிரிக்கவில்லை.

டாக்டர் சீட்டு:
ஆன்டிபயாடிக் – கா., இ.
வயிற்றுக்கு ஒன்று – கா., வெறும் வயிற்றில்.
வலி மாத்திரை – கா., ம., இ., ஐந்து நாளுக்கு.
மூன்று பந்து டப்பா – மணிக்கு ஒரு தடவை. குழாயில் மூச்சை இழுத்துப் பந்தைத் தூக்க வேண்டும். நெஞ்சில் சளி தங்காமல் இருக்க.

முதல் இரண்டும் போட்டாயிற்று. வலி மாத்திரை போடப் போவதில்லை. அட்டை பிரிக்காமல் இருக்கிறது.

காரணம். பதினாறு வருடமாக இந்த ஊர்களுக்குக் கிராம சுகாதார செவிலியர் நான். கடல்பாசி எடுக்கிற பெண்கள் கடலில் இறங்கும் முன் டீயோடு செட்டு மாத்திரை விழுங்குவார்கள். கடையில் தாளில் மடித்துத் தரும் நாலு மாத்திரை. பெயர் கிடையாது, சீட்டு கிடையாது. உடம்பு வலி போகும், கூடவே கிட்னியும் போகும் என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். கடைக்காரரோடு மூன்று தடவை சண்டை. நானே வலி மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருந்தால் நாளைக்கு எந்த முகத்தோடு போய்க் கத்துவது?

டாக்டர் அளவு பார்த்து ஐந்து நாளுக்கு எழுதியதும் கடையில் மடித்துத் தருவதும் ஒன்றா? வேறு எவளாவது இப்படிப் படுத்திருந்தால் நானே வாயில் போட்டுத் தண்ணீர் ஊற்றியிருப்பேன். எல்லாம் தெரியும். தெரிந்தும் வீம்பு.

இவர் ஐஸ் கம்பெனிக்குக் கிளம்பும்போது: "போட்டுட்டுப் படு புள்ள. போடாம இருந்தா மெடலா குத்தப் போறாக?"

சத்தமாகப் பேசினால் தையல் இழுக்கிறது.

பிப். 20, வெள்ளி

வெயில். மீன் கழுவும் தண்ணீரை யாரோ வாசலில் ஊற்றியிருக்கிறார்கள், நாற்றம்.

தும்மல் வந்தது. அதைப் பற்றி எழுத விருப்பமில்லை.

பந்து: ஒன்றுகூட முழுதாக ஏறவில்லை. பாதி தூரம் போய்ப் பொத்தென்று விழுகிறது. மூச்சை இழுத்தால் அடிவயிற்றில் கத்தி. இழுக்காவிட்டால் சளி. இருமினால் செத்தேன். ஆகவே இருமவில்லை.

தங்கச்சிமடத்திலிருந்து நாத்தனார் வந்தாள். ஒரு டஜன் சாத்துக்குடி, அதைவிட அதிகமாக அறிவுரை. "தவக்காலத்துல வந்த வலி அண்ணி. ஆண்டவருக்கு ஒப்புக்குடுத்துருங்க. மாத்திரையப் போட்டு வீணாக்கிராதீக."

வலி வீணாகப் போகுமாம்! பல்வலிக்கு மூன்று தெரு கேட்க அழுதவள் இவள். எனக்குக் கோபம், அவள் சொன்னதற்கு அல்ல. நான் போடாததற்குக் காரணம் பக்தி என்று ஊர் முழுக்கச் சொல்லப் போகிறாள்.

பிப். 21, சனி

காய்ச்சல் 100.4. நெஞ்சில் கரகர. எனக்கே தெரியும் இது எங்கே போய் நிற்கும் என்று.

டாக்டருக்குப் போன்.

"சளி தங்கிருச்சும்மா. நல்லா இருமணும். மூச்சுப் பயிற்சி பண்றீங்களா?"

"பண்றேன் சார்."

"வலி மாத்திரை கரெக்டா போடுறீங்கள்ல? அதப் போட்டாத்தான் இரும முடியும்."

"போடுறேன் சார்."

"திங்கக்கிழமையும் காய்ச்சல் இருந்தா வந்து அட்மிட் ஆயிருங்க. நிமோனியாவுல கொண்டு விட்டுரும்."

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அந்த "போடுறேன் சார்". இரும்புச்சத்து மாத்திரை போட்டியா என்று நான் கேட்கும்போது கர்ப்பிணிகள் இதே குரலில்தான் சொல்வார்கள், "போடுறேன் சிஸ்டர்". அட்டை அப்படியே அரிசிப் பானைக்குள் இருக்கும். இத்தனை வருடம் அவர்களைத் திட்டியவளுக்குப் பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது!

இவர் கஞ்சி டம்ளரை ணங்கென்று வைத்துவிட்டுப் போகிறார்.

பிப். 22, ஞாயிறு

காய்ச்சல் 101. பூசைக்குப் போகவில்லை.

பாக்கியம் வந்தாள். பாசி எடுக்கப் போகிறவள், என் கையில்தான் அவளுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது. தூக்குச்சட்டியில் நண்டு ரசம்.

"ஏன் சிஸ்டர் மொகம் சுண்டிக் கெடக்கீக? வலிக்கு மாத்திரை குடுக்கலையா?"

"குடுத்தாக. போடல."

"ஏன்?"

"ஒங்களையெல்லாம் போடாதன்னு சொல்லிப்புட்டு நான் எப்படிப் போட?"

சிரித்தாள். நிறுத்தாமல் சிரித்தாள்.

"நீங்க சொன்னீகன்னு நாங்க யாரும் நிப்பாட்டலையே சிஸ்டர்!"

"என்னது?"

"நீங்க வார அன்னைக்கு மட்டும் முந்தானையில முடிஞ்சுக்கிருவோம். போடாட்டி இடுப்பு நிமிராது. நிமிராட்டி அடுப்பு எரியாது. வலியோட படுத்துக் கெடக்க ஒங்களுக்கு லீவு குடுத்திருக்காக."

வெளியே போடி என்று கத்த வாயைத் திறந்தேன். இருமல் வந்துவிட்டது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பாக்கியம் தலையணையை என் வயிற்றில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "அட்டை எங்கன இருக்கு?" என்றாள்.

11.40. போட்டேன். அவள் பார்க்கத்தான் போட்டேன்.

12.20. இருமினேன். சளி வந்தது. ஒரு பந்து முழுதாக மேலே போய் நின்றது. வெட்கமாக இருந்தது. சுகமாகவும் இருந்தது. இந்தச் சுகத்துக்குத்தான் விழுங்குகிறார்கள், ஏன் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

பிப். 23, திங்கள்

99. இரண்டு பந்து.

டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். "நீங்களேவாம்மா?" என்றார். பிறகு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அட்மிட் வேண்டாமாம், ஐந்து நாளும் விடாமல் போட வேண்டுமாம்.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் பாக்கியம் மறுபடி. தூக்குச்சட்டி வாங்க வந்தேன் என்றாள். சட்டியைக் கையில் கொடுத்தும் போகவில்லை. ஃபேனைப் பார்த்தாள், காலண்டரைப் பார்த்தாள்.

"அண்ணன் வேலைக்குப் போயாச்சா சிஸ்டர்?"

"போயாச்சு. என்ன விசயம்?"

கட்டில் ஓரம் உட்கார்ந்து சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கினாள். இரண்டு காலும் வீக்கம். பெருவிரலால் அழுத்தினேன். எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே இருந்தது. காலையில் முகமும் ஊதியிருக்கிறதாம்.

"நாளைக்கே கிட்னிக்கு ரத்தம் பாக்கணும். எத்தன நாளா இப்படி இருக்கு?"

"பொங்கலுக்கு முந்தியே."

"மாசாமாசம் ஒன் வீட்டு வாசலுக்கு வாரேனே பாக்கியம். ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

சேலையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"சொன்னா வைவீக சிஸ்டர்."