நான் துப்பாத வைன்

இஞ்சாருங்கோ,

இப்படிக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பீர்கள். உங்கள் பெயரைச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, இனியும் வராது.

இத்தனை வருடம் காத்திருந்த ஜேர்மன் வதிவிட விசா வந்துவிட்டது. உங்களைக் கெல்சென்கிர்ச்சனில் அடக்கம் செய்த பிறகுதான் வந்தது. அதை வைத்துக்கொண்டு மகள் றெஜினாவும் நானும் முதலில் எங்கே போனோம் தெரியுமா? ஜேர்மனிக்கு வருமுன் பிரான்சில் நீங்கள் களவாகத் தங்கித் திராட்சை பிடுங்கிய தோட்டத்துக்கு.

சரிவு முழுக்க இடுப்பளவுக் கொடிகள். குனிந்தே பிடுங்க வேண்டும். உங்கள் நாரிப்பிடிப்பு எங்கிருந்து வந்ததென்று விளங்கியது. தோட்டக்காரி உங்களை மறக்கவில்லை. நீங்கள் பிடுங்கிய வருடம் மழை குறைந்து, பழம் சிறுத்து, சாறு தடித்ததாம். வைனுக்கு அருமையான வருடமாம்.

"போகேக்கை அப்பாவுக்கு ஒரு போத்தல் வைன் குடுத்தவவாம். குடிச்சவரோ எண்டு கேக்கிறா" என்றாள் றெஜினா, பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சில் பேசிப் பார்த்துவிட்டு.

எங்கே குடித்தீர்கள்? "விசா கிடைக்கட்டும், உடைச்சுக் குடிப்பம்" என்று மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில், ஹீட்டருக்கு மேலே, நிமிர்த்தி வைத்தீர்கள். ஞாயிறுதோறும் மெழுகுதிரி வேறு. றெஜினா அதைச் சொன்னதும் தோட்டக்காரி தலையில் கையை வைத்தாள். வைனைக் குளிரான இருட்டில் படுக்கவைக்க வேண்டுமாம்.

பிறகு நிலவறையிலிருந்து அதே வருடத்துப் போத்தலைக் கொண்டுவந்து ஊற்றினாள். முதலில் கயர்த்தது, பச்சை வாழைக்காயைக் கடித்ததுபோல. பொறுத்தேன். மெல்ல நாவற்பழம் வந்தது, அதற்குப் பின்னால் சின்னதாக ஓர் இனிப்பு. அவள் ஒரு வாளியை நீட்டினாள்.

"துப்புங்கோ அம்மா. ருசி பாத்திட்டு எல்லாரும் துப்புறவை" என்றாள் றெஜினா.

தலையாட்டி மறுத்து, விழுங்கிவிட்டுத்தான் வாயைத் திறந்தேன். "எனக்கு ஏலாது. அப்பா புடுங்கின பழம், பிள்ளை."

அழவில்லை. நல்ல வைன்தான் என்று நினைத்தேன். நீங்கள் ஒரு வாய் குடித்திருக்கலாமே என்றும் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து உங்கள் போத்தலை உடைத்தேன். சுத்த வினாகிரி, ஒரே புளிப்பு! உங்கள் ஆண்டுப் பூசைச் சாப்பாட்டில், பன்றிக்கறிக்கு ஊற்றினேன். "அக்கா, கறிக்கு என்ன போட்டனீங்கள்?" என்று எல்லோரும் கேட்டார்கள். ஆளுக்கு இன்னொரு கரண்டி போட்டேன்.

தோட்டக்காரி எனக்கும் ஒரு போத்தல் தந்தாள். றெஜினாவின் கலியாணத்துக்கு வைப்போமா என்று யோசித்தேன். பிறகு உங்கள் நினைப்பு வந்தது. வருகிற ஞாயிறு, வெறும் மத்தியானச் சோற்றோடு உடைக்கப்போகிறேன். உங்கள் கிளாஸிலும் ஊற்றுவேன். இனி இந்த வீட்டில் எதையும் நல்ல நாள் வரட்டும் என்று எடுத்து வைக்கமாட்டேன். மாதாமேல் ஆணை.

உங்கள் மனுசி,
றீற்றா