கேக் சூது, சூதாட்டம் அல்ல

அனுப்புநர்:
ஹோங் பெய்சுவான் (வயது 17),
ஹோங் வீட்டு ரொட்டிக்கடை,
கோயில் பின்தெரு, லாம்தாவ்,
கின்மென் தீவு.

பெறுநர்:
தொழில், பண்பாட்டுப் பிரிவுத் தலைவர் அவர்கள்,
லாம்தாவ் ஊர் அலுவலகம்.

பொருள்: நிலாத் திருவிழாப் பகடை விளையாட்டுக்கான எங்கள் செயலியை, பணம் வைத்து ஆடும் சூதாட்டச் செயலி என்று செயலிக் கடை நிறுத்தி வைத்தது – அது திருவிழா வழக்கமே எனச் சான்றுக் கடிதம் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இது குறித்து இரண்டு முறை தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். முதல் முறை வாசலோடு திரும்பிவிட்டேன். அடுத்த முறை என் அக்கா கணவர் யாங் செங்வெய்யின் முதுகுக்குப் பின்னால் நின்றேன். எழுதும்போது எனக்கு அவ்வளவு கூச்சம் வருவதில்லை. பள்ளியைப் பாதியில் விட்டவள். பிழை இருந்தால் பொறுத்தருளவும்.

2. திருவிழாவன்று கேக்குக்காகப் பகடை வீசுவது இவ்வூர்க்காரரான தங்களுக்குத் தெரிந்ததே. செயலிக் கடைக்கு அது தெரியாததால் இவ்வாறு விளக்கி எழுதினோம்: பெட்டியில் அறுபத்துமூன்று நிலாக் கேக்குகள் இருக்கும். எல்லோரும் ஒரே பீங்கான் கிண்ணத்தில் முறை வைத்து ஆறு பகடைகளை வீசுவார்கள். ஒரு சிவப்பு நான்கு (எங்கள் பகடையில் நான்கு புள்ளிகளுக்குச் சிவப்பு நிறம்) விழுந்தால் மிகச் சிறிய கேக். நான்கு சிவப்பு நான்குகள் விழுந்தால் மிகப் பெரியது. அதை வென்றவருக்கு ‘அரசுத் தேர்வின் முதல் மாணவர்’ என்று பெயர். பெட்டி காலியாகும்வரை ஆட்டம் நடக்கும். (பள்ளியை விட்ட பிறகு நானே இருமுறை முதல் மாணவராகியிருக்கிறேன்.)

3. என் பெரியம்மா புரூணையில் குடியேறியவர். மூட்டு வலியால் சில ஆண்டுகளாகத் திருவிழாவுக்கு வர இயலவில்லை. அவர் இல்லாமல் வீசும்போது அம்மாவுக்குச் சண்டை போட ஆள் இல்லை. அதற்காகவே அத்தான் இந்தச் செயலியை எழுதினார். எங்கிருந்தாலும் எல்லோர் கைப்பேசியிலும் ஒரே கிண்ணம் தெரியும். வென்ற கேக்கைத் தபாலில் அனுப்புவோம். பகடை உருளும் ஓசையை எங்கள் வீட்டுக் கிண்ணத்திலிருந்து நான் பதிவு செய்தேன். முதல் சோதனையில் பெரியம்மா போட்ட கூச்சலுக்கு, ரொட்டி வாங்க வந்தவர்கள் வரிசையை விட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்கள். பிறகு அவர்களும் தங்கள் உறவினருக்காகப் பெட்டிகளுக்குச் சொல்லி வைத்தார்கள்.

4. தவறு செயலிக் கடையின் கேள்விப் பட்டியலில் நேர்ந்தது. “செயலியில் சூதாட்டம் உண்டா?” என்ற கேள்வியில் அத்தான் தயங்கினார். எங்கள் தீவில் விளையாட்டின் பெயரே ‘கேக் சூது’ அல்லவா? மாவு பிசைந்துகொண்டிருந்த அம்மா, “இதுல என்ன யோசனை மாப்பிள்ளை? கேக் சூதுல சூது இல்லாம வேற என்ன இருக்கும்? உண்டுன்னு போடுங்க!” என்றார். உண்மையான பரிசு உண்டா என்பது அடுத்த கேள்வி. “பின்னே, படத்தையா திங்க முடியும்?” என்றார். அப்படியே அனுப்பிவிட்டோம்.

5. பணம் கொடுத்துப் பெட்டி வாங்குகிறார்கள், அதிர்ஷ்டம் முடிவு செய்கிறது, விலையுள்ள பொருள் கிடைக்கிறது. எனவே இது சூதாட்டச் செயலி என்று கடை பதில் அனுப்பியது. அரசு உரிமம் வேண்டும். உரிமம் உள்ள இடத்தில் மட்டுமே திறக்க வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவரைச் சேர்க்கக் கூடாது. செயலியை இலவசமாகத் தர வேண்டும் என்றும் கேட்டது. கடைசி நிபந்தனையை முன்பே நிறைவேற்றியிருந்தோம். அன்று மாலை அதற்காகக் கொஞ்சம் பெருமைப்பட்டோம்.

6. மற்றவற்றுக்கும் பணிந்தே பார்த்தோம். அத்தான் எங்கள் தீவில் மட்டும் கிண்ணம் திறக்கும்படி மாற்றினார். உடனே வெளியூர் உறவினர் எல்லோரும் மறைந்தார்கள். வயதுக் கட்டுப்பாட்டைப் போட்டதும் நானும் மறைந்தேன். அம்மா மட்டும் வீசினார். நான்கு சிவப்பு நான்குகள் விழுந்தன. கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “ஏண்டி, இதை நான் யாருகிட்டடி சொல்லிக் காட்டுறது?” என்றார். அதற்குள், ‘இது சூதாட்டச் செயலி, இங்கே திறக்காது’ என்ற அறிவிப்பைப் பார்த்த பெரியம்மாவின் அழைப்பு வந்தது: “அடியே, இந்த ஊர்ல போன்ல சூதாட்டம்னு எழுத்து வந்தா என்னைப் புடிச்சு உள்ள வெச்சிருவாங்க. பெரிய கேக்கை நீயே திங்கலாம்னுதானே இந்த வேலை பண்றே?”

7. உள்ளூர் அலுவலகம் ‘இது வழக்கம், உரிமம் தேவையில்லை’ என்று எழுதித் தந்தால் மறுபரிசீலனை செய்வதாகக் கடை கூறியது. அதற்காகவே தங்கள் அலுவலக முகப்புக்கு வந்தோம். “மொதல்ல சூதாட்ட உரிமத்தோட நகலைக் கொண்டாங்க. அதைப் பாத்துட்டு, இது சூதாட்டம் இல்லைன்னு எழுதித் தர்றோம்” என்றார் அங்கிருந்த ஊழியர்.

“அந்த உரிமத்தை யாரு சார் தருவாங்க?” என்று அத்தான் கேட்டார்.

“யாரும் தர மாட்டாங்க. இங்கதான் சூதாட்டத்துக்குத் தடையாச்சே.”

இதுவே என் புகார். சொல்லி முடித்ததும் அந்த ஊழியருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆகவே அவர்மீது நடவடிக்கை எதுவும் வேண்டாம்.

8. செயலியில் யாரும் பணம் வெல்வதில்லை. எங்கள் பதிலைத் திருத்தி, செயலிக்கும் ‘நிலாக் கேக் பகடை’ என்று பெயர் மாற்றியுள்ளோம். அம்மாவுக்கு இதில் உடன்பாடில்லை. “பேரைக் கேட்டா பல் தேய்க்கிற பொடி மாதிரி இருக்கு” என்கிறார்.

நிலா முழுமையாகும் முன் சான்றுக் கடிதம் கிடைக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். தாங்கள் நேரில் சோதிக்க விரும்பினால் எங்கள் கடைக்கு வரலாம். பெரிய கேக்கை வென்றால் அது கையூட்டாகிவிடுமோ என்று அத்தான் கவலைப்படுகிறார். ஆகவே சிறிய கேக்கோடு தாங்கள் நிறுத்திக்கொள்ளவும்.

முதலில் வீசுவது யார் என்று அம்மாவும் பெரியம்மாவும் தொலைபேசியில் இப்போதே சண்டையைத் தொடங்கிவிட்டார்கள். அதைத் தீர்த்துவைக்கும்படி தங்களைக் கேட்கமாட்டேன். அவர்கள் தொடர்ந்து சண்டை போட ஒரு கடிதம் தந்தால் போதும்.

தங்கள் முத்திரைக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) ஹோங் பெய்சுவான்

இடம்: லாம்தாவ்
நாள்: 9.9.2025