வாசிக்காமல் போட்ட முதல் கையெழுத்து

செப்டம்பர் 9, 2024, திங்கள்

வானதி வந்தது. அக்கா மகள், நம் ஊர் உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் டீச்சர். வருகிற சனிக்கிழமை பத்தாம் வகுப்பைக் கல்விச் சுற்றுலா கூட்டிப் போகிறதாம். வேடிக்கை பார்க்க அல்ல. வேற்றூர் ஆட்களிடம் மரியாதையாகப் பேச, ஊர்க் காரியம் எப்படி நடக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள. "துணைக்கு ஒரு பெரிய ஆள் வேணும், நீங்கதான் வரணும் மாமா" என்று கெஞ்சியது. மூன்று முறை கெஞ்சியது. சரி என்றேன். நான் எட்டாவது வரை படித்தவன், பரீட்சை மட்டும்தான் எழுதவில்லை. ஆனால் கலெக்டர் ஆபீசில் இந்த மருதையனுக்கு நாற்காலி போடாத ஆள் கிடையாது.

செப்டம்பர் 11, புதன்

பிள்ளைகளைப் பார்த்துவரப் பள்ளிக்கூடம் போனேன். பின்பக்கம் வாய்க்கால் கரையில் குப்பை மலை. ஒரு மாதமாக ஊராட்சி வண்டி அங்கேதான் கொட்டுகிறதாம். நாற்றத்துக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு வேர்வையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஜாஸ்லின் என்று ஒரு பெண் எழுந்து கேட்டது: "இங்க கொட்டலாம்னு யாரு மாமா சொன்னது?"

"எந்த முட்டாள்னு கண்டுபிடிச்சு உங்க முன்னாடி கொண்டாந்து நிறுத்துறேன்" என்றேன். கைதட்டலில் கூரை ஓடு ரெண்டு நகர்ந்தது.

செப்டம்பர் 14, சனி

பஸ்ஸில் நாற்பத்திரண்டு பிள்ளைகள். வானதி போட்ட சட்டம்: முதலில் பேரைச் சொல்லணும், அப்புறம் கேள்வி. பதில் முடியும்வரை குறுக்கே பேசக்கூடாது. யாரையும் பார்த்துச் சிரிக்கக்கூடாது. எனக்கும் சேர்த்துத்தான் என்றது.

கல்லணையில் ஷட்டரைப் பற்றி ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். பாவம், அவருக்கு என்ன தெரியும். என் முப்பாட்டன் இந்த அணைக்குக் கல் சுமந்தவர் என்று எடுத்துவிட்டேன்.

"எந்த ராஜா காலத்துல மாமா?" என்றது ஜாஸ்லின், பேரைச் சொல்லிவிட்டு.

"அப்பவே" என்றேன்.

மதியம் பட்டுக்கோட்டை தாண்டி ஒரு கடலோர ஊர். வார்டு உறுப்பினர் தங்கமணி அம்மா மீன் விற்கிறவர். கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார். கிராம சபையில் தீர்மானத்தைச் சத்தமாக வாசித்து முடித்த பிறகுதான் அவர்கள் ஊரில் கையெழுத்தாம். "வாசிக்காமப் போடுறது, மூடுன கூடைய வெல பேசுற மாதிரில்ல? உங்க ஊர்ல எப்புடி?"

பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். "எங்க ஊர்ல வாசிக்கிறதே நான்தாம்மா. ஒரு எழுத்து விடமாட்டேன்" என்றேன்.

செப்டம்பர் 15

கால் வீக்கம். சிங்கம் படுத்திருக்கிறது.

செப்டம்பர் 18, புதன்

சுற்றுலாவில் கற்றதை நம் ஊரில் செய்துபார்க்கணும் என்று வானதி ஊராட்சி ஆபீசுக்குக் கூட்டிப் போனது. நானும் போனேன். பிள்ளைகள் வரிசையாக வணக்கம் சொல்லி, ஆகஸ்ட் பதினைந்து கிராம சபைத் தீர்மானப் புத்தகத்தைப் பார்க்கலாமா என்று கேட்டார்கள். செயலர் ராஜசேகரால் மறுக்க முடியவில்லை.

ஜாஸ்லின் வாசித்தது. "தீர்மானம் ஏழு. பள்ளிக்குப் பின்புறம் வாய்க்கால் கரைப் புறம்போக்கில் குப்பை கொட்ட இடம் ஒதுக்கலாம். முன்மொழிந்தவர்…"

நின்றது. ஒரு மூச்சு விட்டது. "ஊர்க்காரர் ஒருவர்" என்று முடித்துப் புத்தகத்தை மூடிவிட்டது.

மூடும் முன்னே நான் பார்த்துவிட்டேன். என் கையெழுத்து எட்டடி தூரத்தில் நின்றாலும் தெரியும்.

வெளியே வந்ததும், "தண்ணி குடிக்கிறீங்களா மாமா?" என்று பாட்டிலை நீட்டியது.

செப்டம்பர் 19

நான் மட்டுமா? கூட்டத்துக்கு முதல் நாள் ராஜசேகர் கபீர் பாய் டீக்கடைக்குப் புத்தகத்தைக் கொண்டு வருவான். வெறும் பக்கம். எல்லாரும்தான் போடுறானுங்க. முதல் கையெழுத்து எனக்குன்னு விட்டு வைப்பானுங்க, எனக்கும் பெருமையா இருக்கும். முதல்ல இருந்த பேரை முன்மொழிஞ்சவர்னு எழுதிக்கிட்டான். நான் என்ன செய்ய?

பேசாம விட்டுடலாமா? அந்தப் பொண்ணு யார்கிட்டயும் சொல்லாது.

சொல்லாது. அதுதான் குத்துது.

அக்டோபர் 1, செவ்வாய்

டீக்கடைக்கு ராஜசேகர் புத்தகத்தோடு வந்தான்.

"அண்ணே, மொத கையெழுத்து உங்களுது."

"வாசிச்சுக் காட்டு தம்பி."

"பக்கம் காலியாத்தானே இருக்கு? நாளைக்குப் பேசின பெறகு எழுதிக்குவேன்."

"அப்ப நானும் பேசின பெறகு போடுறேன்."

கபீர் பாய் ஆற்றிய டீ பாதி கீழே போனது. "என்ன மருதையண்ணே, ஒடம்புக்கு முடியலையா?"

அக்டோபர் 2, புதன்

கிராம சபை. பின்னால் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். லீவு நாளிலும் வந்திருந்தார்கள். அவர்களுக்கு ஓட்டு இல்லை, ஆனால் பார்க்கலாம்.

எழுந்து முதலில் பேரைச் சொன்னேன். ஊரே சிரித்தது, என் பேர் தெரியாதவன் யார்? "தீர்மானம் ஏழுல முன்மொழிஞ்சவர்னு இருக்குறது நான். வாசிக்காமப் போட்டேன். அத நீக்கணும்."

"கலெக்டரு நாக்காலி போட்ட ஆளுக்கு வாசிக்கத் தெரியலையாம்!" என்று ஒரு குரல். மறுபடி சிரிப்பு. பிள்ளைகள் சிரிக்கவில்லை.

"புதுத் தீர்மானத்த நீங்களே வாசிங்கண்ணே" என்றார் தலைவர் கனகா. பிள்ளைகள் எழுதிக் கொடுத்த தாள்: பள்ளிக்குப் பின்னால் குப்பை கொட்டுவதை நிறுத்தி, ஊருக்கு வெளியே வேறு இடம் பார்க்கணும். 'திடக்கழிவு மேலாண்மை'யில் மாட்டிக்கொண்டேன். ரெண்டு தடவை விழுந்தேன். பின்னால் இருந்த பிள்ளைகள் எல்லாருக்கும் அந்த வார்த்தை தெரியும். ஒருத்தரும் எடுத்துக் கொடுக்கவில்லை. மூன்றாவது தடவை நானே சொன்னேன்.

அதற்குப் பிறகு கையெழுத்து. ஐம்பத்தெட்டு. கூட்டிச் சொல்லவில்லை.

போகும்போது ஜாஸ்லின் பக்கத்தில் வந்தது. "சொன்ன மாதிரியே கண்டுபிடிச்சுக் கொண்டாந்து நிறுத்திட்டீங்க மாமா."

அக்டோபர் 14, திங்கள்

குப்பை வண்டி இன்று பள்ளிப் பக்கம் திரும்பவில்லை. ஜன்னல் எல்லாம் திறந்திருந்தது. டீக்கடையில் கபீர் பாய், "யாரு செஞ்ச வேலண்ணே இது?" என்று கண்ணடித்தார். வாய் வரைக்கும் வந்தது. "ஐம்பத்தெட்டுப் பேரு பாய்" என்றேன்.

வீட்டுக்கு வந்து இந்த நோட்டை முதலிலிருந்து வாசித்தேன். வானதி மூன்று முறை கெஞ்சவில்லை. ஒரு முறை கேட்டது, அதுவும் பி.டி. வாத்தியாருக்குக் காய்ச்சல் என்பதால். கூரை ஓடு நகரவில்லை, அது கான்கிரீட். ஓரத்தில் திருத்தம் எழுதிவிட்டேன்.

கலெக்டர் ஆபீஸ் நாற்காலியை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன்.