என் கண் காட்டிய எண்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி தேவலையா? அம்மா நேரத்துக்குத் தூங்குகிறாளா?

நான் நலம், பதறாமல் படியுங்கள். எங்கள் கண் பரிசோதனைக்கூடத்துக்குப் புது மெஷின் வந்திருக்கிறது. நீல ஒளி பட்டால் கண்ணின் லென்ஸ் லேசாகப் பச்சையாக ஒளிரும். மெஷின் அதை அளக்கும். சர்க்கரை கூடியவர்களுக்கு வயதுக்கு மீறி ஒளிரும். சோதித்துப் பார்க்க என் கண்ணையே வைத்தேன். எண் எகிறியது. மெஷின் கோளாறு என்று கம்பெனிக்கு நீளமாகப் புகார் எழுதி, பெரிய டாக்டரிடம் கையெழுத்துக்கு நீட்டினேன். அவர் தன் கண்ணை வைத்துப் பார்த்தார். எண் சரியாக வந்தது.

"மெஷின் மேல பழி போடாதம்மா. போய் ரத்தம் குடுத்துட்டு வா" என்றார்.

பரிசோதித்ததில், எனக்குச் சர்க்கரை இப்போதுதான் எட்டிப் பார்க்கிறதாம். மாத்திரை வேண்டாம், ஒழுங்காகச் சாப்பிட்டால் போதும். வேறொருவர் என்றால் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருப்பார். அந்த மனிதர் நன்றாக இருக்கட்டும்.

டீயும் பிஸ்கட்டுமாக இனி இரவுச் சாப்பாட்டை ஓட்ட முடியாது. இடைவேளை முடிகிறது, ஒன்றே ஒன்று: ஒரு ஆளுக்குச் சமைக்க எவ்வளவு போட வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் நம் ஐந்து பேருக்கான அளவுதான்.

உங்கள் மூத்தவள்