இடது விங்கில் பேர்ளி

1985 ஏப்ரல் 9, செவ்வாய்

உயிர்த்த ஞாயிறு லீவு முடிந்து இன்று வேலை. கோப்பை கழுவும் தொட்டியில் எனக்குப் பக்கத்தில் ரெஸ்ரோறன்ற் முதலாளி, எங்கள் பத்ரோன், புதிதாக ஓர் ஆளை விட்டிருக்கிறார். வெள்ளைக்காரன். பெயர் தீபோர், ஹங்கேரி நாட்டவன், முப்பது வயதிருக்கும். இந்த மூன்று வருடத்தில் ஒரு வெள்ளைக்காரன் கோப்பை கழுவ இன்றுதான் பார்க்கிறேன்.

அங்கே என்ன தொழில் என்று சாப்பிடும்போது கேட்டேன். உதைபந்தாட்டம் என்றான். சம்பளத்துக்கு ஆடினானாம். முதலாம் பிரிவில் ஏழு வருடம், இடது விங்.

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். எங்கள் ஆட்கள் கூடும் இந்த லாச்சப்பலில் வந்து இறங்கிய எல்லாரும் அங்கே பெரிய ஆட்கள்தான். என் அறையில் ஐந்து பேர்: ஒருவர் பள்ளிக்கூட அதிபர், ஒருவர் பாங்கில் பெரியவர். என்னைக் கேட்டால் மன்னாரில் கூட்டுறவுச் சங்க மனேஜர் என்பேன். கிளாக்கராக இருந்தது எனக்கும் இந்தக் கொப்பிக்கும் மட்டும் தெரியும்.

ஏப்ரல் 21, ஞாயிறு

அவனுடைய பிரெஞ்சும் நொண்டி, என்னுடையதும் நொண்டி. ஆனாலும் கதை விளங்கிவிட்டது. போன ஓகஸ்ட் கடைசியில் அவன் கழகம் இங்கே ஓர் ஆட்டத்துக்கு வந்திருக்கிறது. ஹோட்டலின் பின்கதவால் ஒரு பையோடு இறங்கிப் போய்விட்டான். அவன் நாட்டுச் சங்கம் விடுதலைக் கடிதம் கொடுக்கவில்லை. அதனால் ஒரு வருடத் தடை. இந்த ஓகஸ்ட் முப்பத்தொன்று வரை எந்த நாட்டிலும், எந்தக் கழகத்துக்கும், சும்மா ஆட்டம்கூட ஆடக்கூடாது. ஆடியது தெரிந்தால் தடை நீளும். வடக்கில் ஓர் இரண்டாம் பிரிவுக் கழகம் செப்டெம்பர் இரண்டாம் திகதி வா, சோதித்துப் பார்க்கிறோம் என்று சொல்லியிருக்கிறதாம்.

றூ பஜோல் தெரு நெடுக ரயில்பாதை ஓரமாக ஓடுகிறான். நான் மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நன்றாகத்தான் ஓடுகிறான். ஓடுகிறவன் எல்லாம் விளையாட்டுக்காரனா? பந்து இல்லை. கண்டால் ஆசை வரும், அதனால் வாங்கவில்லை என்கிறான். ஒரு படம், ஒரு பத்திரிகைத் துண்டு? அதுவும் இல்லை. பைக்குள் பூட்ஸ் மட்டும்தான் இருந்ததாம்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மே 15, புதன்

தீபோர் ஆமாம் என்பதற்கு எங்களைப் போல "ஓம்" சொல்லப் பழகிவிட்டான். இன்று பத்ரோனுக்கும் ஓம் என்றான்.

ஜூன் 23, ஞாயிறு

மடுத்தீன் அண்ணை வந்திருந்தார். எங்கள் ஊர்ப் பேசாலை அணிக்கு அவர்தான் கப்டன், நான் செயலாளர். ஜூலை பதினாலு பொபினி மைதானத்தில் ஊர் அணிகளின் கிண்ணப் போட்டி. எங்கள் இடது விங் ஆடிய பெடியன் லண்டனுக்குப் போய்விட்டான். வேறு ஊரவரைச் சேர்க்க முடியாது. ஊரில் பெண் எடுத்த மாப்பிள்ளை என்றால் மட்டும் விடுவார்கள்.

"உன்ரை வெள்ளையனைப் போடுவம்" என்றார். "பேர்ளி எண்டு பேர். மட்டக்களப்புப் பறங்கி, எங்கடை ஊரிலை கலியாணம் கட்டினவர்." போர்த்துக்கேயர் வழி வந்தவன் என்றால் வெள்ளைத் தோலைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள்.

"அண்ணை, மட்டக்களப்புப் பறங்கி தமிழ் கதைப்பானெல்லே?"

"பிறவியிலை ஊமை எண்டு சொல்லுவம்."

சிரித்துவிட்டேன். பிறகு, சரிவராது, ஆரும் அவன் நாட்டுச் சங்கத்துக்கு எழுதிப் போட்டால் அவன் பிழைப்பு போய்விடும் என்றேன். அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "அவன் பெரிய விளையாட்டுக்காரன் எண்டு உனக்கு ஆர் சொன்னது? அவன்தானே சொன்னவன்?"

அந்தக் கேள்வியை வைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

ஜூலை 7, ஞாயிறு

மடுத்தீன் அண்ணை நேரே தீபோரிடமே கேட்டுவிட்டார்! இன்று ஓட்டம் முடிந்து படியில் இருந்தபோது தீபோர் என்னிடம் கேட்டான். ஆட்டத்தில் ஒரு பாதி மட்டும். பத்து மாதமாகக் காலில் பந்து படவில்லை. பொபினியில் தமிழ் ஆட்கள் ஆடுவதை யார் பார்க்கப் போகிறார்கள்? நீ சொல், லோறன்ஸ். நீ வேண்டாம் என்றால் ஆடமாட்டேன்.

வேண்டாம் என்று ஒரு சொல். அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது.

ஓம் என்றேன்.

ஏன் சொன்னேன்? கிண்ணத்துக்காகவா? அந்தத் தகரக் கிண்ணத்தை வைத்து நான் என்ன செய்யப் போகிறேன்? அவன் ஆசைப்பட்டானே என்றா? அப்படித்தான் இருக்கும். — தெரியாது.

ஜூலை 13, சனி

நடுவர் மார்செல் படிவம் கொண்டுவந்தார். புதுச்சேரிக்காரர், தபால் கந்தோரில் வேலை. மைதானம் நகரசபையுடையது, அதனால் ஆடுகிறவர்களின் பெயர், வயது, தொழில் எல்லாம் பிரெஞ்சில் வேண்டுமாம். எழுதினேன். பேர்ளி, சமையல்காரர். மேலதிக ஆட்டக்காரர் லோறன்ஸ், மனேஜர்.

இரண்டையும் ஒரே மூச்சில் எழுதினேன்.

ஜூலை 14, ஞாயிறு

முதல் பந்து தீபோரிடம் வந்தது. வெள்ளைக் கோட்டிலேயே நின்றான். எதிரணியான தீவாரின் பின்வரிசைக்காரர், பெக் பத்திநாதர், எதிரே வந்தார். கடற்கரையில் வள்ளம் தள்ளிய உடம்பு. தீபோர் பந்தைத் தொட்டது மாதிரித் தெரியவில்லை. பத்திநாதர் இந்தப் பக்கம் போனார், பந்து அந்தப் பக்கம் போனது, அவனும் போய்விட்டான். கோர்னர்க் கொடியடியிலிருந்து அவன் உயர்த்திப் போட்ட பந்துக்கு மடுத்தீன் அண்ணை தலையைக் கொடுத்தார். கோல். அவர் பாய வேண்டியே இருக்கவில்லை. தலை இருந்த இடத்துக்குப் பந்து வந்தது.

நான் கத்தினேன். உண்மை! அவன் சொன்னது அத்தனையும் உண்மை!

இருபது நிமிடத்தில் இரண்டு கோல். மூன்றாம் தரம் பத்திநாதர் பந்தை விட்டுவிட்டு ஆளோடு சறுக்கினார். தீபோர் தன் பாஷையில் பெரிதாக ஏதோ கத்தினான். பத்திநாதர், "மாதாவே, ஊமைக்கு வாய் வந்திட்டுது!" என்றார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவன் எழும்பவில்லை.

மார்செல் முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். என்னைத் தனியே கூப்பிட்டார். "யாருங்க இவரு? சாதாரண ஆளில்லையே. இந்த மாதிரி ஆட்டத்த நான் பெரிய ஸ்தாது மைதானத்துல டிக்கெட் வாங்கித்தான் பாத்திருக்கேன்." நான் தீபோரின் பூட்ஸைக் கழற்றப் போனேன். அவரும் விட்டுவிட்டார். படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

இப்போது விளங்குகிறது ஏன் ஓம் சொன்னேன் என்று. எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது. அவன் பொய்யனா இல்லையா என்று பார்க்க வேண்டியிருந்தது. அவ்வளவுக்குத்தான்.

ஜூலை 15, திங்கள்

முழங்கால் வீங்கி இளநீர்க் கோம்பை அளவு. ஐஸ் வைத்தோம். பத்ரோனிடம் படியில் சறுக்கியதாகச் சொன்னோம்.

ஓகஸ்ட் 15, வியாழன்

மாதாவின் திருநாள். கோயிலில் ஒரு முழங்காலுக்காக மெழுகுதிரி கொளுத்தியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பின்னேரம் ஓடினான். இடது கால் கொஞ்சம் பிந்தி விழுகிறது. நல்லம் என்கிறான். நல்லமா? எனக்குத்தான் அப்படித் தெரிகிறதா? மணிக்கூடு அதே நேரம்தான் காட்டுகிறது. இரண்டு தரம் பார்த்தேன்.

செப்டெம்பர் 2, திங்கள்

விடிய கார் து நோர் ஸ்டேஷனில் வழியனுப்பினேன். தோளில் அதே பை. ரயில் போன பிறகும் நின்றுகொண்டிருந்தேன். வேலைக்குப் பிந்தி ஏச்சு வாங்கினேன்.

செப்டெம்பர் 4, புதன்

திரும்பி வந்துவிட்டான்.

மைதானத்தில் இறக்கவே இல்லையாம். கழகத்து வைத்தியர் மேசையில் படுக்க வைத்து முழங்காலை முறுக்கிப் பார்த்தார். இரண்டு நிமிடம். நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள். அடுத்த நாள் முழுக்க அந்த ஊர் ஸ்டேஷனில் இருந்தானாம்.

என்னாலேதான் என்றேன். தமிழில் சொன்னேனா பிரெஞ்சில் சொன்னேனா, ஞாபகமில்லை. அழுதேன். அவன் தலையை ஆட்டினான். இல்லை, இது பழசு. எண்பத்திரண்டில் முழங்கால் நார் கிழிந்தது. அங்கேயும் மறைத்துக்கொண்டுதான் ஆடினேன். இவர்கள் எப்படியும் கண்டுபிடித்திருப்பார்கள்.

அப்படியானால் பொபினியில் அன்று பார்த்தது? கிழிந்த முழங்காலோடா அப்படி ஆடினான்? ஆட முடியுமா? யாரைக் கேட்பது? நான் மனம் நோகக்கூடாது என்று சொல்கிறானா? ஏப்ரலில் உண்மையைச் சொன்னான், நான் நம்பவில்லை. இப்போது சொல்வதை எப்படியாவது நம்பிவிட வேண்டும் போலிருக்கிறது. முடியவில்லை.

செப்டெம்பர் 9, திங்கள்

பத்ரோன் அவனைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அதே தொட்டி. நான் கழுவுகிறேன், அவன் துடைக்கிறான்.

1986 பெப்ரவரி 2, ஞாயிறு

ஐந்து மாதமாக இதில் ஒன்றும் எழுதவில்லை. ஒரே கேள்வியை எத்தனை தரம் எழுதுவது? இன்று தீபோர் ஒரு பந்து வாங்கி வந்தான். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 12, சனி

நாளை மறுநாள் போட்டி. போன கிழமை மெத்ரோ வாசலில் பத்திநாதர் என்னைப் பிடித்துக்கொண்டார். "உங்கடை ஊமை மாப்பிள்ளை இந்த முறை இல்லையோ? அவர் இல்லாட்டி எங்களுக்கும் விளையாட்டு இல்லை. ஊர்க்காரர்தான் ஆடலாம் எண்ட சட்டமெல்லாம் நான் பாக்கிறன், நீங்கள் பேரைப் போடுங்கோ." சொல்லிவிட்டுக் கீழே பார்த்துக்கொண்டு, "கால் எப்பிடி?" என்றார்.

ஒரு பாதி ஆடுவான் என்றேன்.

மார்செல் படிவம் தந்துவிட்டுப் போனார். சமையலறை மேசையில் வைத்து எழுதினேன். தீபோர் பக்கத்தில் இருந்து கிழங்கு உரித்தான். இந்த முறை பேர்ளி இல்லை, அவனுடைய சொந்தப் பெயர். இனி யாருக்கு ஒளிக்க வேண்டும்? தொழில் என்ற இடத்தில் உதைபந்தாட்டக்காரர் என்று எழுதினேன்.

அவன் எட்டிப் பார்த்தான். கையைத் துடைத்துவிட்டுப் பேனையை வாங்கினான். அதை ஒரு கோட்டால் வெட்டி, மேலே கோப்பை கழுவுபவர் என்று பிரெஞ்சில் எழுதினான். எழுத்து அழகாக இருந்தது. பிறகு அவன் கண் கீழே இறங்கி என் பெயரில் நின்றது. எனக்கு நேரே போன வருடம் போலவே மனேஜர்.

பேனையை என் பக்கம் நீட்டினான்.

நானும் வெட்டினேன்.