ரூத் எழுந்து நின்றாள்

1984, ஏப்ரல். ஞாயிறு இரவு.

என் மனைவி ரூத் இன்று ஆலயத்தில் செய்ததை நினைத்து நினைத்துத் தூக்கமே வரவில்லை.

போன வாரம் கடைக்கு ஒரு போன் வந்தது. "உங்க பையன் சாமுவேலு மதுரையில லாரில அடிபட்டுக் கெடக்கான். ஆள் அனுப்புறோம், வெரசா பணம் குடுத்து விடுங்க." வந்தவனிடம் ரூத் தன் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டாள். சாமுவேலோ மதுரையில் காலேஜ் ஹாஸ்டலில் சுகமாக இருந்தான்.

அவன் பெயரும் மதுரையில் படிப்பதும் அந்தத் திருடனுக்கு எப்படித் தெரிந்தன? பையனின் பரீட்சைக்காகப் பெயரும் காலேஜும் எழுதி நாங்கள் கொடுத்த ஜெப விண்ணப்பத்தை ஆலயத்தில் சத்தமாக வாசித்தார்களே! மலைக்குச் சுற்றுலாக் கூட்டம் வரும் சீசன் நேரம், பின்வரிசையில் யார் யாரோ உட்கார்ந்திருப்பார்கள்.

வெளியே சொன்னால் மானம் போகும் என்றேன். இன்று போதகர் விண்ணப்பத் தாளைக் கையில் எடுத்ததும் பெண்கள் பக்கத்தில் ரூத் எழுந்து நின்றாள். ஆண்கள் பக்கத்திலிருந்து நான் எப்படித் தடுப்பது? ஏமாந்த கதையை ஒன்றுவிடாமல் சொன்னாள். வெறுங்கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். குரல் நடுங்கவே இல்லை. எனக்கு அந்தத் தைரியம் ஏழு ஜென்மத்துக்கும் வராது.

"இனிமே பேரு, காலேஜு எதையும் வாசிக்காதீங்கய்யா. யாரு பிள்ளைன்னு கர்த்தருக்குத் தெரியாதா?"

போதகர் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு ஜெபிக்கக் கண்களை மூடினார்.